ஏமன் 2011–2015: சனாவிலும் ஏடனிலும் நாங்கள் கண்டவை

சனாவில் செவிலியராக இருந்தவர்

2010-ஆம் ஆண்டின் இறுதியில் ஏமனின் தலைநகரான சனாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்தேன். ஊர் பழகுவதற்குள் துனீசியாவில் அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். 2011 பிப்ரவரியில் எகிப்தில் அதிபர் முபாரக் பதவி விலகினார். சனா பல்கலைக்கழக வாயிலில் மாணவர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். அந்த இடத்துக்கு மாற்றச் சதுக்கம் என்று பெயர் வந்தது. 1978 முதல் ஆட்சியில் இருந்த அதிபர் அலி அப்துல்லா சாலேயிடம் அவர்கள் கேட்டதெல்லாம் 'இர்ஹல்' என்ற ஒற்றைச் சொல்தான். போய்விடு என்று பொருள்.

என்னோடு பணியாற்றிய தாயிஸ் நகரத்துப் பெண் ஒருவர் ஒரு மாலையில் என்னை அங்கே அழைத்துச் சென்றார். வாயிலில் பெண்களைப் பெண்களே சோதித்து உள்ளே விட்டார்கள். கூடாரம் ஒன்றில் ஏலக்காய் போட்ட தேநீர் கொடுத்த முதியவர், தம் ஊரிலிருந்து வந்த அனைவரும் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். ஏமனின் கிராமப்புறங்களில் ஆண்மகனுக்குத் துப்பாக்கி என்பது உடையின் ஒரு பகுதி போன்றது. அதைக் கழற்றி வைத்துவிட்டு அரசின் முன்னால் போய் உட்காருவது எவ்வளவு பெரிய முடிவு என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

மார்ச் 18, வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்த நேரத்தில், சுற்றியிருந்த கட்டடங்களின் மேலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். ஏறத்தாழ ஐம்பது பேர் அன்று இறந்தார்கள். எங்களிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பலருக்குத் தலையிலும் கழுத்திலும் காயம். ஒரு மாணவனின் வலது கை இறுக மூடியிருந்தது. ஊசி ஏற்றுவதற்காக விரல்களைப் பிரித்தபோது உள்ளே பாதி வெங்காயம் இருந்தது. கண்ணீர்ப்புகை வீசினால் மூக்கருகே வைத்துக்கொள்வதற்காக எல்லாரும் வெங்காயம் கொண்டுவந்திருந்தார்கள் என்று தாயிஸ் சகோதரி சொன்னார். அந்தப் பையன் பிழைக்கவில்லை.

அரபு நாடுகளில் மக்கள் கிளர்ந்தெழுந்ததால்தான் எல்லாம் அழிந்தது என்று நம் ஊரில் பலர் சொல்கிறார்கள். ஏமனைப் பொறுத்தவரை இதை என்னால் ஏற்கவே முடியாது. 2011 நவம்பரில் ரியாத்தில் கையெழுத்தான ஒப்பந்தம் சாலேயைப் பதவியிலிருந்து இறக்கியது. ஆனால் வழக்கு எதுவும் வராதபடி அவருக்குப் பாதுகாப்பு தந்து, நாட்டிலேயே இருக்கவும் விட்டது. படையில் பெரும்பகுதி அவருடைய உறவினர்களுக்கும் விசுவாசிகளுக்கும் கட்டுப்பட்டே இருந்தது. 2004 முதல் 2010 வரை ஆறு முறை, வடக்கு ஏமனின் ஆயுதக் குழுவான ஹூத்திகளோடு போரிட்ட அதே மனிதர், பின்னர் அவர்களோடு கைகோத்தார். 2014 செப்டம்பரில் அவர்கள் சனாவைப் பெரிய எதிர்ப்பின்றிக் கைப்பற்றியதற்கு அதுவே முக்கியக் காரணம். மாற்றச் சதுக்கத்தில் தேநீர் கொடுத்தவர் செய்த பிழை இதில் எங்கே இருக்கிறது?

2015 மார்ச் 26 அதிகாலை, ஹூத்திகளுக்கு எதிரான சவூதி தலைமையிலான கூட்டணியின் முதல் குண்டுகள் விழுந்தன. சாளரக் கண்ணாடி நொறுங்கியதும், பச்சிளங் குழந்தைகள் பிரிவிலிருந்து இன்குபேட்டர்களைச் சுவரோரமாக நகர்த்தினோம். எங்கள் கடவுச்சீட்டுகள் நிர்வாகத்திடம் இருந்தன. இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிறகே அவை கைக்கு வந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் ஏர் இந்தியா விமானத்தில் ஜிபூட்டி சென்று, அங்கிருந்து விமானப்படை விமானத்தில் கொச்சி வந்து சேர்ந்தேன். இந்திய அரசின் 'ராஹத்' மீட்பு நடவடிக்கையில் இவ்வாறு மீட்கப்பட்ட இந்தியர்கள் 4,600-க்கும் மேல்.

தாயிஸ் சகோதரி அரசு மருத்துவமனைக்கு மாறியிருந்தார். 2016 செப்டம்பரில், ஹூத்திகளை எதிர்த்த அரசு மத்திய வங்கியைச் சனாவிலிருந்து தெற்குத் துறைமுக நகரான ஏடனுக்கு மாற்றியது. அதன் பிறகு அவருக்குச் சம்பளம் வரவில்லை. மறு ஆண்டு காலரா பரவியபோது, பேருந்துக்குப் பணமில்லாமல் நடந்தே பணிக்குப் போவதாகக் குரல்செய்தி அனுப்பினார். ஒரு கட்டிலில் இரண்டு மூன்று குழந்தைகள் என்றார். சலைன் புட்டியைத் தொங்கவிடத் தாங்கி இல்லாமல், சுவரில் ஆணி அடித்துக் கயிறு கட்டியிருந்தார்களாம்.

ஏடனில் கணக்கராக இருந்தவர்

சனாவில் செவிலியராக இருந்த சகோதரி மேலே எழுதியதைப் படித்தபோது, தெற்கில் இருந்த எனக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்லத் தோன்றியது. ஏடனில் இருந்தவர்களின் மனக்குறை 2011-க்கு முற்பட்டது. தனித்தனி நாடுகளாக இருந்த வடக்கும் தெற்கும் 1990-இல் இணைந்தன. 1994 உள்நாட்டுப் போரில் தெற்கு தோற்றது. அதன்பின் தெற்கத்திய அதிகாரிகள் பலர் வேலையிழந்தார்கள். அந்த வேதனையிலிருந்து 2007-இல் எழுந்த இயக்கம் ஏற்கனவே தெருவில் இருந்தது. சனாவில் பேசி ரியாத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் தங்களுக்கு இடமில்லை என்றே என் அண்டை வீட்டார் கருதினார்கள்.

நான் ஏடனின் முஅல்லா பகுதி நெடுஞ்சாலையில், ஆங்கிலேயர் காலத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருந்தேன். 2015 மார்ச் கடைசியில் ஹூத்திகளும் சாலேயின் படையினரும் ஊருக்குள் வந்தபோது, எதிர்வீட்டுப் பள்ளி ஆசிரியர் துப்பாக்கி பிடிக்கத் தெரியாமலே தெருமுனைக்குக் காவலுக்குப் போனார். மார்ச் 31 அன்று இந்தியர்களான எங்களில் 349 பேர் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் சுமித்ரா கப்பலில் ஏறினோம். என்னைத் துறைமுகம் வரை கொண்டுவந்து விட்டவர் அந்த ஆசிரியர்தான். உன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் உயிரோடு இருக்கிறார். அவருடைய தங்கை சனாவில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். ஏடன் மத்திய வங்கி வெளியிட்ட புதிய ரியால் தாள்களை ஹூத்திகள் தங்கள் பகுதியில் செல்லாது என்று தடுத்துவிட்டதால், ஒரே நாட்டில் ஒரே பெயருடைய நாணயத்துக்கு இரண்டு மதிப்புகள் ஏற்பட்டுவிட்டன. 2021-இல் ஏடனிலிருந்து சனாவுக்கு அனுப்பும் தொகையில் பெரும் பகுதி கட்டணமாகவே போனது. அந்த ஆண்டு ரமலானுக்குத் தங்கைக்குப் பணம் அனுப்புவதை விட்டுவிட்டு, சனா செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் ஒரு மூட்டை அரிசியும் பிள்ளைகளுக்குச் செருப்பும் கொடுத்து அனுப்பியதாக எழுதியிருந்தார்.