லாக் அடைவை மாற்றியும் போஸ்ட்கிரெஸ் பழைய இடத்திலேயே எழுதுகிறது

கேள்வி:
வணக்கம். உபுண்டுவின் தொகுப்பிலிருந்தே நிறுவிய போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தளம் எங்கள் சர்வரில் ஓடுகிறது. வினவல்கள் அனைத்தையும் பதியத் தொடங்கிய பின் லாக் கோப்புகள் பெருத்துவிட்டதால், தனி வட்டில் ஓர் அடைவை உருவாக்கி, அதன் முழுப் பாதையை லாக்_டைரக்டரி என்ற அமைவில் கொடுத்து, சர்வரை நிறுத்தாமல் ரீலோட் செய்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் பதிவுகள் இன்னும் /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடைவுக்கே போகின்றன. எதைத் தவறவிட்டேன்?

மறுமொழி 1:
பதிவுகளைச் சேகரித்துக் கோப்பில் எழுதும் லாகிங்_கலெக்டர் 'ஆஃப்' நிலையில் இருக்கும், பாருங்கள். அது ஓடும்போதுதான் லாக்_டைரக்டரிக்குப் பொருள் உண்டு. உபுண்டுவிலும் டெபியனிலும் அது இயல்பாக ஓடுவதில்லை, சர்வரைத் தொடங்கும் நிரலே வெளியீட்டை நீங்கள் சொன்ன அடைவுக்குத் திருப்பிவிடுகிறது. அதை 'ஆன்' ஆக்கிய பின் ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். அதற்கு முன், புதிய அடைவு போஸ்ட்கிரெஸ் பயனரின் உரிமையில் இருக்கிறதா, மேலடைவுகள் வழியே அப்பயனர் நுழைய முடிகிறதா என்று தயவுசெய்து சரிபாருங்கள். முதல் கோப்பைத் திறக்க முடியாவிட்டால் சர்வரே எழாது. வேலை நேரத்தில் அப்படி நின்றுபோன ஒரு சர்வருக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுமொழி 2:
இடம் மாறிய பின், பழைய லாக் கோப்புகளை அவ்வப்போது அழிக்கும் உபுண்டுவின் லாக்ரொட்டேட் கருவி அந்தக் கோப்புகளைக் கவனிக்காது. கலெக்டர் நாளுக்கொரு முறையோ 10 எம்பி ஆனதுமோ புதுக் கோப்பைத் திறக்குமே தவிர, பழையவற்றை அழிக்காது. கோப்பின் பெயரில் கிழமை மட்டும் வருமாறு வைத்து, லாக்_ட்ரங்கேட்_ஆன்_ரொட்டேஷனை 'ஆன்' ஆக்கி, அளவு வரம்பை 0 ஆக்கினால், ஏழு கோப்புகளே மாறி மாறி எழுதப்படும். அளவால் நிகழும் சுழற்சியில் பழையது வெட்டப்படுவதில்லை என்பதால்தான் அந்த 0.

கேட்டவர்:
'ஆஃப்' ஆகத்தான் இருந்தது. இப்போது புதிய அடைவில் எழுதுகிறது, மிக்க நன்றி. தரவு அடைவுக்குள் பிஜி_வால் என்ற அடைவும் பல ஜிபி ஆகியிருக்கிறது. அதிலுள்ள பழைய லாகுகளையும் அழித்துவிடலாமா?

மறுமொழி 1:
வேண்டாம், ஒரு கோப்பைக்கூடத் தொடாதீர்கள். அவை படிப்பதற்கான பதிவுகள் அல்ல; சர்வர் திடீரென நின்றால் தரவை மீட்க உதவும் மாற்றப் பதிவுகள். முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்றிருந்த பெயரில் 'லாக்' என்பதைப் பார்த்துப் பலர் அழித்துத் தரவை இழந்ததால்தான், 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்தப் பெயரையே மாற்றினார்கள். அது பெருத்திருப்பதற்குக் கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டோ (நகல் சர்வருக்காக இப்பதிவுகளைப் பிடித்துவைப்பது), தோல்வியுறும் ஆர்க்கைவ் கட்டளையோ (இவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது) காரணமாக இருக்கலாம். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பட்டியலில் என்ன இருக்கிறது என்று இங்கே இடுங்கள்.