சூழற்காரணியா, பின்புலக் கூறா? வாதநோய் மருந்தாய்வுகளுக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம். நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> முடக்குவாத மருந்தாய்வு பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் சுருக்கி எழுதுகிறேன். 'கான்டெக்ச்சுவல் ஃபேக்டர்' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சூழற்காரணி என்று போட்டுவிடலாமா?

போடலாம், அகராதியைப் புரட்டினால் அப்படித்தான் கிடைக்கும். வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த நீண்ட மடல். இன்னும் வேர்பிடிக்காத சொல் என்பதால் இப்போதே சரிசெய்வது எளிது.

முதலில் பொருள். 1992இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் கூடிய கூட்டத்திலிருந்து வளர்ந்தது ஓமெராக்ட் என்ற அமைப்பு. வாதநோய் ஆய்வுகளில் எதை அளப்பது, எப்படி அளப்பது என்பதுதான் அவர்கள் வேலை. அவர்கள் இந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் பொருளை என் வார்த்தையில் சொன்னால்: ஆய்வு அளக்க வந்த விளைவு அது இல்லை, ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆய்வின் முடிவு விளங்காது. வயது, பால், புகைபிடித்தல், உடல் எடை, கூடவே இருக்கும் வேறு நோய்கள், படிப்பு, வருமானம் எல்லாம் இதில் அடங்கும்.

இப்போது 'காரணி'. இந்தத் துறையில் அந்தச் சொல் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்பதை முடக்குவாதக் காரணி என்று எழுதுகிறோம். அது ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). டி.என்.எஃப். என்பதில் வரும் எஃப்-உம் காரணிதான். அது அழற்சியைத் தூண்டும் புரதம். இரண்டும் உடலில் ஓடும் மூலக்கூறுகள். ரிடுக்சிமாப் என்ற மருந்து, ஆர்.ஏ. ஃபேக்டர் உள்ளவர்களுக்கு இல்லாதவர்களைவிட நன்றாக வேலைசெய்கிறது. இதைச் சொல்ல வந்தால் 'முடக்குவாதக் காரணி இங்கே ஒரு சூழற்காரணி' என்று எழுத வேண்டிவரும். படிப்பவர் பாவம்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. காரணி என்றதும் நம் காதில் விழுவது காரணம். 'படிப்பின்மை ஒரு காரணி' என்று படிக்கும் நோயாளி, தன் நோய்க்குத் தானே காரணம் என்று எடுத்துக்கொள்வார். இங்கே பேச்சு நோய் ஏன் வந்தது என்பதைப் பற்றியதே அல்ல.

அடுத்து 'சூழல்'. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்பாடு, இயலாமை பற்றிய வகைப்பாட்டிலும் இதே ஆங்கிலச் சொல் தலைப்பாக நிற்கிறது. அதன்கீழ் இரண்டு கிளைகள்: ஒன்று சுற்றுச்சூழல் சார்ந்தது, மற்றது ஆளைச் சார்ந்தது. தலைப்புக்கும் சூழல் என்று பெயர் வைத்துக் கிளைக்கும் சூழல் என்று வைத்தால் மரம் எது, கிளை எது? வயதும் பாலும் ஒருவருடைய சூழலா என்ன?

அதனால் என் முன்மொழிவு: பின்புலக் கூறு. 'அவங்க பின்புலம் என்ன?' என்று கேட்டால் ஊர், குடும்பம், படிப்பு, வசதி எல்லாம் சேர்ந்தே பதிலாக வரும். ஆள் சார்ந்ததும் சூழல் சார்ந்ததும் ஒரே சொல்லுக்குள் அடங்கும். கூறு என்பது யார்மேலும் பழி போடாது.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க, அதன் கிளைகள் இயல்பாக முளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓமெராக்ட் இதை மூன்றாகப் பிரிக்கிறது. மருந்தின் பயனையே கூட்டவோ குறைக்கவோ செய்வது ஒன்று. எந்த மருந்து எடுத்தாலும் நோயாளி கடைசியில் எங்கே போய் நிற்கிறார் என்பதைத் தொடுவது இன்னொன்று. நோயைத் தொடாமல் நாம் அளக்கும் அளவையை மட்டும் சாய்ப்பது மூன்றாவது. இவற்றுக்கு முறையே பயன்மாற்றி, விளைவுமாற்றி, அளவைமாற்றி என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் 'எஃபெக்ட்', 'அவுட்கம்' என்று வரும் இரண்டு இடத்திலும் 'விளைவு' என்ற ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிவருகிறோம். மருந்து எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பயன் என்றும், ஆள் கடைசியில் இருக்கும் நிலையை விளைவு என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகையை நான் புரிந்துகொண்டது அம்மாவால். அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம். ஒருமுறை அன்றாட இயக்கம் பற்றிய வினாத்தாளைக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 1980இல் வெளிவந்த வினாத்தாளின் நேர் மொழிபெயர்ப்பு அது. புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறக்க முடியுமா, குளியல் தொட்டியில் குளிக்க முடியுமா என்று கேட்டிருந்தது. எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுவோம், வாளியும் சொம்பும் வைத்துக் குளிப்போம். அம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, 'கஷ்டமில்லை' என்று குறித்தார். செய்யாத வேலையில் என்ன கஷ்டம்? ஆனால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ அவருக்கு இரண்டு பேர் துணை வேண்டும். அதை அந்தத் தாள் கேட்கவே இல்லை. இந்தியாவுக்கென்று பின்னர் திருத்திய வடிவத்தில் சம்மணமிடுதல், குத்துக்காலிடுதல், ஆட்டோவில் ஏறி இறங்குதல் எல்லாம் சேர்ந்துவிட்டன. அம்மாவின் மூட்டு ஒன்றுதான். வாழும் வீடு அளவையைச் சாய்த்துவிட்டது.

இ.எஸ்.ஆர். அளவும் அப்படித்தான். ரத்தச் சிவப்பணு ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் படிகிறது என்று பார்த்து உடலின் அழற்சியை அறியும் சோதனை அது. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். வயதுடன் 10 கூட்டி இரண்டால் வகுத்தால் பெண்ணுக்கு மேல்வரம்பு, வயதை மட்டும் இரண்டால் வகுத்தால் ஆணுக்கு என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 60 வயதுப் பெண்ணுக்கு 35, 30 வயது ஆணுக்கு 15. நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் டாஸ்-28இல் இதே இ.எஸ்.ஆர். நேராக நுழைகிறது, வயதும் பாலும் நுழைவதில்லை.

'குலுக்கல் முறையில்தானே இரு குழுவாகப் பிரிக்கிறார்கள், எல்லாம் சமமாகிவிடாதா?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இரு குழுவுக்கும் இடையே சமமாகும், உண்மை. ஆனால் கிடைப்பது எல்லாருக்கும் சேர்த்த ஒரு சராசரி. பாதிப் பேருக்கு நன்றாகக் கேட்டு, மீதிப் பேருக்குக் கேட்காத மருந்தின் சராசரி 'சுமாராகக் கேட்கிறது' என்று காட்டும். அப்படிச் சுமாராகக் கேட்ட ஆள் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம்.

*

மறுமடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் தங்கைக்கு நன்றி.

> அண்ணா, ஓமெராக்டின் வரையறையே மாறி (வேரியபிள்) என்றுதானே சொல்கிறது. பின்புல மாறி என்றால் என்ன? அடுத்து, அளவைமாற்றி என்றால் கிலோவைப் பவுண்டாக்கும் கருவி மாதிரி இருக்கிறது.

மாறி புள்ளியியலுக்குப் பொருத்தம்தான். ஆனால் மாறி, மாற்றி இரண்டும் ஒரே வரியில் வந்தால் காது குழம்பும். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூறு இருக்கட்டும்.

இரண்டாவது நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் கவனிக்கவில்லை. அளவைத்திரிப்பி என்று மாற்றிக்கொள்கிறேன். உண்மையில் அங்கே நடப்பதும் திரிபுதானே.

இன்னொருவர் 'பின்னணி மருந்து' என்ற வழக்கோடு மோதாதா என்று கேட்டார். புது மருந்தைச் சோதிக்கும்போது கூடவே விடாமல் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற வாத மருந்தைத்தானே அப்படிச் சொல்கிறோம்? அதைத் 'தொடர் மருந்து' என்று சொன்னால் மோதல் தீர்ந்துவிடும், பொருளும் தெளிவாகும்.

முதலில் கேட்ட நண்பருக்கு: உங்கள் சுருக்கத்தில் ஒரு பத்தியை இந்தச் சொற்களோடு எழுதி அனுப்புங்கள். 'புகைபிடித்தல் இந்த ஆய்வில் ஒரு பின்புலக் கூறு. அது பயன்மாற்றியாகச் செயல்படுகிறதா என்று தனியே பார்த்தோம்' என்பது போல. எந்த இடத்தில் நாக்கு இடறுகிறதோ அங்கே கோடிட்டு வையுங்கள், அங்கிருந்து பேசலாம்.