இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குழந்தையாக இருந்தவர்கள்: உங்களிடம் சொன்ன கதைகள்

இங்கிலாந்தின் சஃபோக்கில் முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் நான் போகும் பாட்டிக்கு 89 வயது, லாவன்ஹாம் பக்கம். வெண்ணெய் தடவிய கத்தியை இன்னொரு ரொட்டித் துண்டில் வழித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஏன் என்று கேட்டேன். "ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ்தானே?" என்றார், ரேஷன் நேற்றுத்தான் நின்றது போல. 2 அவுன்ஸ் என்றால் 57 கிராம்.

பட்டினியா என்றால், இல்லையாம். கோழி வளர்த்தார்கள், முயல் கிடைத்தது. முட்டை ரேஷனை விட்டுக்கொடுத்தால் கோழித் தீவனம் கொடுப்பார்களாம். ஆரஞ்சு வருவது குறைந்துபோனதால், இலையுதிர்காலத்தில் பிள்ளைகள் வேலியோரக் காட்டு ரோஜாக் காய்களைப் பறித்துக் கொடுப்பார்கள்; அதில் வைட்டமின் சி சிரப் காய்ச்சினார்கள். காய்க்குள் இருக்கும் சுணையை அடுத்தவள் சட்டைக்குள் போட்டால் அரிப்புத் தாங்காது. இதைச் சொல்லும்போது பாட்டிக்கு ஆறு வயதுதான்.

மணிக் கதைதான் எனக்கு மறக்காது. 1940 ஜூனில் தேவாலய மணிகளை நிறுத்திவிட்டார்கள். எதிரி வந்து இறங்கினால் மட்டும்தான் அடிக்க வேண்டும். அதனால் பாட்டிக்கு மணியோசையே தெரியாது. 'மணி அடித்தால் ஜெர்மன்காரன் வந்துவிட்டான்' என்பது மட்டும் தெரியும். 1942 நவம்பர் 15, ஞாயிறு காலை, எகிப்தில் எல் அலமெய்ன் போரில் கிடைத்த வெற்றிக்காக நாடெங்கும் மணி அடித்தது. ஐந்து வயதுப் பிள்ளை பூனையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டது. அம்மா மேசைத்துணியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாராம், பிறகு அழுதாராம். பூனை பிறாண்டிய கதை தனி.

1944இல் பக்கத்து விமானத்தளத்துக்கு அமெரிக்கர்கள் வந்தார்கள். ஸ்வான் விடுதிச் சுவரில் அவர்கள் போட்ட கையெழுத்துகள் இன்னும் இருக்கின்றன. காலையில் கிளம்பும் விமானங்களைப் பிள்ளைகள் எண்ணி வைத்துக்கொண்டு, திரும்பும்போது மறுபடி எண்ணுவார்களாம். கணக்கு உதைத்த நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டீ ஆறிவிட்டது, வேறு போட்டுக் கொண்டு வா என்றார்.

*

மேலே எழுதியவர் சொன்னது ஊர்ப் பிள்ளைகள் கதை. நான் கேட்டது, குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்திலிருந்து ஊருக்கு அனுப்பப்பட்டவர் கதை. லண்டனின் கிழக்கே டாகன்ஹாமில் எங்கள் தெருவில் இருந்தவர், போன வருடம் காலமானார். 1939 செப்டம்பர் தொடக்கத்தில் டாகன்ஹாம் பிள்ளைகளை ரயிலில் அல்ல, கப்பலில் ஏற்றினார்கள். தேம்ஸ் வழியாகக் கிழக்குக் கரைக்கு. அப்போது அவருக்கு 7 வயது. கோட்டில் பெயர்ச்சீட்டு, தோளில் அட்டைப்பெட்டியில் வாயு முகமூடி. அதைப் போட்டுக்கொண்டு பலமாக ஊதினால் ஓரத்து ரப்பர் 'டர்ர்' என்று அசிங்கமாகச் சத்தம் போடும். கப்பல் முழுக்க அதுதானாம்!

லோஸ்டாஃப்டில் இறங்கி, வைக்கோலில் படுத்து, ஒரு கிராமத்து மண்டபத்தில் வரிசையில் நின்றார்கள். ஊர்க்காரர்கள் வந்து வேண்டிய பிள்ளையைக் கூட்டிப்போனார்கள். இவரும் தங்கையும் கையை விடவில்லை. இரண்டு பேர் என்றால் யாருக்கும் வேண்டாம். மண்டபம் காலியான பிறகு, கூட்டிப் பெருக்க வந்த அம்மாள்தான் அழைத்துப் போனாராம். அடுத்த கோடையில் கடற்கரை ஆபத்து என்று மேற்கே மாற்றிவிட்டார்கள். அந்த அம்மாளின் பெயரைத்தான் தன் மூத்த மகளுக்கு வைத்தார்.

*

என்ர அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து வந்து எங்களோட நிண்ட நேரம், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசியோட வேலிக்கு மேலால கதைப்பா. அம்மாவுக்கு இங்கிலீசு மட்டுமட்டு. மனுசி நோர்ஃபோக்கில ஒரு சின்னப் பட்டினத்தில வளந்தவ. சண்டை முடிஞ்சு எட்டு வருசம் போகேக்கைதான், 1953 பெப்ரவரியில, இனிப்புக்கு ரேஷன் நிண்டதாம். அண்டைக்குக் கடை வாசல்ல வரிசையில நிண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தா. அம்மா சும்மா தலையாட்டிக்கொண்டு நிண்டா. நடுவில 'கூப்பன்' எண்டு ஒரு சொல் வந்திது. அம்மா உடன நிமிந்திட்டா. இலங்கையிலயும் அதே சண்டைக்காலத்தில, 1942இலதான் அரிசிக்குக் கூப்பன் வந்தது; இப்பவும் எங்கட ஆக்கள் கூப்பன் கடை எண்டுதான் சொல்லுறது. அம்மா ரெண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக் காட்டினா. மனுசியும் வேலிக்கு அங்கால நிண்டு அப்பிடியே வெட்டிக் காட்டினா.