தம்பி போட்ட பணம்: பங்கா, உதவியா?

ஓலைச்சுவடி: நண்பரின் பிரச்சினை. அண்ணன் தொடங்கிய அச்சகத்தில் இவர் பணம் போட்டு, சம்பளம் வாங்காமல் உழைத்தார். "லாபத்தில் பாதி உனக்கு" என்பது அண்ணனின் வாய்ப்பேச்சு. இப்போது தொழில் சூடுபிடித்ததும், "வீட்டுக்குள் பேசியதெல்லாம் ஒப்பந்தமா?" என்கிறாராம். கோர்ட்டில் நிற்குமா?

கறார்கந்தன்: நிற்காது. 1919-ல் இங்கிலாந்தில் வந்த பால்ஃபர் வழக்கைப் பாருங்கள். சிலோனில் வேலை பார்த்த கணவர், மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்லிவிட்டுத் தரவில்லை. மனைவி வழக்கு போட்டுத் தோற்றார். குடும்பத்துக்குள் பேசுகிறவர்கள் சட்டத்தால் கட்டுப்படும் எண்ணத்தோடு பேசுவதில்லை என்பதுதான் காரணம்.

துலாக்கோல்: எதற்கெடுத்தாலும் பால்ஃபர்! அது வீட்டுச் செலவுப் பணம். தொழில் என்றால் ஸ்னெல்லிங் வழக்குக்கு வாருங்கள். மூன்று சகோதரர்கள், ஒரே கம்பெனியில் இயக்குநர்கள், ஓயாத சண்டை. யார் தாமாக விலகினாலும் கம்பெனிக்குக் கொடுத்த கடனைக் கைவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒருவர் விலகிப்போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்டார். கிடைக்கவில்லை. சகோதரர்கள்தான், ஆனாலும் ஒப்பந்தம் செல்லும் என்றது கோர்ட்.

கறார்கந்தன்: அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். இங்கே வெறும் வாய்ப்பேச்சு. 1968-ல் தீர்ப்பான ஜோன்ஸ் - படவாட்டன் வழக்கில், அம்மாவின் பேச்சை நம்பி மகள் வாஷிங்டன் வேலையை விட்டு, லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனார். பிறகு மனக்கசப்பு. தங்கியிருந்த வீட்டை அம்மா திரும்பக் கேட்டார், மகள் தோற்றார்.

துலாக்கோல்: தீர்ப்பை முழுசாகச் சொல்லுங்கள் சார். மூன்று நீதிபதிகளில் ஒருவர், ஒப்பந்தம் இருந்தது, ஆனால் படிப்பை முடிக்க வேண்டிய நியாயமான காலம் கடந்துவிட்டது என்றார். அம்மா மகள் என்பதாலேயே அவர் தள்ளிவிடவில்லை. குடும்பம் என்றால் ஒப்பந்தம் இல்லை என்பது ஓர் அனுமானம்தான். சான்று இருந்தால் உடையும்.

கறார்கந்தன்: சரி, எதைக் காட்டி உடைப்பார்? பாதி லாபம் என்றால் அண்ணன் சம்பளம் எடுப்பதற்கு முன்பா, பின்பா? மெஷின் வாங்கிய கடனைக் கழித்தா, கழிக்காமலா? ஒன்றும் பேசாத பேச்சை வைத்துக்கொண்டு நீதிபதி என்ன கணக்குப் போடுவார்? நஷ்டம் வந்திருந்தால் பாதியைத் தம்பி ஏற்றிருப்பாரா? கடன்காரன் வந்திருந்தால் "நான் உதவிதான் செய்தேன்" என்று இவரே சொல்லியிருப்பார்.

துலாக்கோல்: இது நல்ல கேள்வி. பங்குதாரர் என்று வாதாடினால் கடனிலும் பங்கு வரும், நண்பர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் அண்ணன் சொல்வது எடுபட்டாலும் போட்ட பணம் இனாமாகிவிடாது. அதைத் தனியாகக் கேட்கலாம். ஓலைச்சுவடி, லாபம் என்று எப்போதாவது கொடுத்தாரா?

ஓலைச்சுவடி: முதல் வருடக் கணக்கு முடித்ததும் வங்கி வழியாக ஒரு தொகை அனுப்பினார். குறிப்பில் "லாபப் பங்கு" என்றே இருக்கிறது.

துலாக்கோல்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அந்த வங்கி அறிக்கையை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கறார்கந்தன்: அந்தக் குறிப்பு கொஞ்சம் பலம்தான். பாதி என்பதற்கு அது போதாது.