இயர் மஃப், டைமர், அட்டை... வெளியே எடுத்தபோது நடந்தது: உங்கள் அனுபவம்

கொருக்குப்பேட்டை அம்மா:
சின்னவனுக்கு ஆட்டிசம், சத்தம் ஆகாது. பாரிமுனையில் ஹெல்மெட், கையுறை விற்கிற கடையில் வாங்கிய ஆரஞ்சு கலர் இயர் மஃப் (பாட்டு வராது, காதை மூடிச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்) எங்கே போனாலும் பையில் இருக்கும். ஆடி மாதம் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, தெருவுக்குத் தெரு கூழ், கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர், ஆனால் அதுவாவது முன்னமே தெரியும். சாவு ஊர்வலம் சொல்லிக்கொண்டா வருகிறது? கடைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையில் எதிரே பறை, பட்டாசு, பூ வண்டி எல்லாம். அவசரமாக அவனுக்கு மாட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருவர், "இன்னாமே இது, சாவு போவுது, புள்ள காதுல பாட்டு மாட்டி வுட்டிருக்க?" என்று கத்துகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பறை அடித்துக்கொண்டு வந்த பையன் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் காதில் இருந்த பஞ்சை எடுத்து அந்தப் பெரியம்மாவிடம் காட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பச் செருகிக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டான். அவன் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, அந்தப் பஞ்சுதான் கண்ணிலேயே நிற்கிறது.

எண்ணூர் லோக்கல்:
எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஒரு இடத்தில் நிற்காத கோளாறு. போனில் ரிமைண்டர் அடித்தால் கை தானாகவே தள்ளிவிடும், மூளை வரைக்கும் போகவே போகாது. அதனால் காலையில் இடது கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன்: கேஸ், சாவி, மாத்திரை, சீசன். முடிக்க முடிக்க டிக். பீச் போகிற வண்டியில் டிக்கெட் பரிசோதகர் வந்து கேட்டபோது பையைத் துழாவிக்கொண்டிருந்தேன், அவர் என் கையையே படித்துக்கொண்டு நிற்கிறார். "சீசனுக்கு மட்டும் டிக் இல்லையே தம்பி?" சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், என் சட்டைப்பையில் இருந்த பேனாவை அவரே எடுத்துக் கையில் டிக் போட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். கிண்டலா, அன்பா? இன்னும் புரியவில்லை.

தெரபி அப்பா:
முதல் பதிவு போட்ட சகோதரிக்கு. இயர் மஃப்பை நாள் முழுக்க மாட்டி வைக்காதீர்கள், காது அமைதிக்குப் பழகிவிட்டால் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகிவிடும் என்று எங்கள் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) மேடம் திரும்பத் திரும்பச் சொல்வார். பட்டாசு, பறை, கோயில் ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு மட்டும் மாட்டுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். இரைச்சலை ரத்து செய்கிற விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள், அது ஏ.சி., ஜெனரேட்டர், ரயில் மாதிரி ஒரே சீராக ஓடுகிற சத்தத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். திடீரென்று வெடிக்கிற பட்டாசுக்கு அதை நம்ப வேண்டாம், இறுக்கமாக மூடுகிற சாதா மஃப்பே மேல். அப்புறம், கிளம்புவதற்கு முன் "முதலில் கடை, பிறகு ஊஞ்சல்" என்று இரண்டு படம் ஒட்டிய அட்டை காட்டுங்கள். சிவப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிற டைமர் கிடைக்கிறது, "பத்து நிமிஷம்" என்ற சொல் புரியாத பிள்ளைக்கும் சிவப்பு தீர்ந்துபோவது புரியும். என் மகள் பூங்காவில் அந்த டைமரைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டி "உன் டைம் முடிஞ்சுது, இறங்கு" என்றாள், அவனும் இறங்கிவிட்டான். அதுதான் என் அனுபவம்.

கொருக்குப்பேட்டை அம்மா:
நாள் முழுக்க மாட்டுகிறேன் என்று நான் எங்கே எழுதினேன் சார்? பையில் இருக்கும் என்றுதானே எழுதினேன். டைமர் யோசனை நல்லா இருக்கு, எடுத்துக்கொள்கிறேன்.

விம்கோ நகர்:
நான் ஆட்டிசம் உள்ள பெண், வேலைக்குப் போகிறேன். 2021-ல் எங்கள் பக்கம் மெட்ரோ வந்ததில் பாதிக் கஷ்டம் தீர்ந்தது, எந்தக் கதவு எங்கே நிற்கும் என்று தெரிந்தாலே எனக்குப் போதும். ரொம்ப களைத்துப்போனால் பேச்சு நின்றுவிடும், அதற்கு ஒரு அட்டை: "இப்போது என்னால் பேச முடியவில்லை. காது கேட்கும். எழுதிக் காட்டுகிறேன்." மருந்துக் கடையில் நீட்டினேன். வரிசையில் இருந்த அத்தனை பேரும் உதவி செய்கிறேன் என்று என் காதுக்குள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள், "பாப்பா! இன்னா! வோணும்!" என்று. காது கேட்கும் என்ற வரியை யாருமே படிக்கவில்லை. கடைக்காரர் மட்டும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் "10 மாத்திரையா, அட்டை முழுதுமா?" என்று எழுதி என் பக்கம் தள்ளினார். எனக்கோ காது நன்றாகக் கேட்கும். இருந்தும் அவர் எழுதியதுதான் பிடித்திருந்தது.

புதியவன்:
வெளியே தெரியாத குறைபாடு இருக்கிறது என்று காட்டுகிற சூரியகாந்திப் படம் போட்ட பட்டையைக் கழுத்தில் போடுங்களேன், வெளிநாட்டில் நிறைய பேர் போடுகிறார்கள்.

எண்ணூர் லோக்கல்:
அது லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-ல் தொடங்கியது, அங்கே ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாண்டில் போட்டுப் போனால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். விம்கோ நகர் அக்காவுக்கு அரசு அடையாள அட்டை வாங்க வழி உண்டு, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் வருகின்றன. என் ஏ.டி.எச்.டி. அதில் பெயராக இல்லை. சரி அதை விடுங்கள், வேர்வையில் அழியாத பேனா யாருக்காவது தெரியுமா? கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் "சாவி" வெறும் "சா" ஆகிவிடுகிறது.