பழைய ஸ்போர்ட்ஸ் போட்: தளம் அமுங்குகிறது, வாங்கலாமா?

நீர்ச்சுழி:
வணக்கம். 18 அடி ஃபைபர்கிளாஸ் ஸ்போர்ட்ஸ் போட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1987 மாடல், மெர்க்ரூசர் 4.3 லிட்டர் வி6 எஞ்சின், ஆல்ஃபா ஒன் டிரைவ் (பின்புறம் வெளியே இருந்து புரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதி). டிரைவில் தண்ணீர்க் குழாயை மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஜெல்கோட் (ஃபைபரின் மேல் இருக்கும் பளபளப்புப் பூச்சு) வெளுத்திருக்கிறது, சீட்டெல்லாம் கிழிசல். அதை நான் பார்த்துக்கொள்வேன். ஒரே உறுத்தல், பின்சீட்டுக்கு முன்னால் கால் வைத்தால் தளம் லேசாக அமுங்குகிறது. "மேலே ஒரு பிளைவுட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார் விற்பவர். அவ்வளவுதானா? கார் எஞ்சின் வேலை நன்றாகத் தெரியும், படகு எனக்குப் புதிது.

பழம்பலகை:
அவ்வளவு இல்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டது நல்ல விஷயம்தான், ஆனால் எஞ்சினை மாற்றிவிடலாம். நீங்கள் வாங்கப்போவது தளத்துக்கு அடியில் இருப்பதை.

அந்தக் காலத்துப் படகுகளில் பெரும்பாலும் ஃபைபருக்குள் மரம் இருக்கும். நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர், பின்பக்கச் சுவரான ட்ரான்சம், இரண்டுமே மரத்தின் மேல் ஃபைபர் போர்த்தியவை. சீட்டுக்கு அடித்த திருகின் ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டாலே போதும், தண்ணீர் இறங்கிவிடும். தளத்துக்கு அடியில் ஃபோம் நிரப்பியிருந்தால் அது தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தை வருஷக்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். உங்கள் எஞ்சினின் முன்பக்கம் ஸ்ட்ரிங்கரில் உட்கார்ந்திருக்கிறது, பின்பக்கம் ட்ரான்சத்தில். மரம் உளுத்தால் எஞ்சின் துளி இறங்கும், அலைன்மென்ட் போகும், அப்புறம் எஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் கத்த ஆரம்பிக்கும். பேரிங்கை மட்டும் மாற்றி மாற்றிச் சலித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போங்கள். ட்ரான்சத்தில் டிரைவைச் சுற்றித் தட்டுங்கள், கீழே வடிகால் துளை ஓரமாகவும் தட்டுங்கள். நல்ல மரம் டக் டக் என்று கணீரென்று சொல்லும், உளுத்தது தொப்பென்று விழும். பிறகு விற்பவரிடம் அனுமதி கேட்டு, படகின் உள்பக்கமிருந்து, முடிந்த அளவு தாழ்வாக, மெல்லிய பிட்டால் ஸ்ட்ரிங்கரில் ஒரு துளை. மறுபக்கம் வரை போகக்கூடாது. வரும் தூள் வெளிர் நிறமாக உலர்ந்திருந்தால் கவலையில்லை. பார்த்து முடித்ததும் துளையை எபாக்சி பசையால் அடைத்துவிடுங்கள். துளையே போடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

உப்புக்காற்று:
கியர் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் டிரைவுக்குள் தண்ணீர் போகிறது. படகு கடலில் ஓடியதா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் அதோடு சேர்ந்த குழாயான ரைசரையும் உள்ளிருந்தே அரித்துவிடும், ஒரு நாள் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நீர்ச்சுழி:
போய்ப் பார்த்தேன். ட்ரான்சம் காய்ந்த தூள், சத்தமும் நன்றாக இருக்கிறது. வலதுபக்க ஸ்ட்ரிங்கரில் பிட்டோடு கறுப்புச் சேறு மாதிரி வந்தது, நாற்றம் வேறு. கம்ப்ரஷன் ஆறு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றுபோல. கியர் ஆயில் சுத்தம். ஆசை விடவில்லை.

பழம்பலகை:
ட்ரான்சம் தப்பித்தது என்றால் பாதி வேலை மிச்சம். ஆனால் எஞ்சினுக்கும் டிரெய்லருக்கும் என்ன பெறுமோ அதை மட்டும் கொடுங்கள், படகுக்கு என்று தனியாக எதுவும் வேண்டாம்.

வாங்கினால், தளத்தை அறுப்பதற்கு முன் ஹல்லுக்கு (படகின் வெளிக்கூடு) அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுங்கள். டிரெய்லரின் இரண்டு பலகைகளை நம்பி அறுத்தால் அடிப்பாகம் தொய்யும், அந்த நிலையில் புது ஸ்ட்ரிங்கரை ஒட்டினால் தொய்வும் நிரந்தரம். பிறகு எவ்வளவு திராட்டில் கொடுத்தாலும் அந்தப் படகு நேராக ஓடாது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்ட்ரிங்கர் மட்டும் கழற்றுங்கள். உளுத்ததைத் தூக்கிப்போடாதீர்கள், புதியதை வெட்ட அதுதான் உங்கள் அச்சு. ஃபைபரைத் தேய்க்கும்போது சாதாரணத் துணி மாஸ்க் போதாது, கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். உடம்பு முழுக்க மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அரிப்பு.

உப்புக்காற்று:
ஃபைபரை ஒட்டும் ரெசின் பாலியஸ்டர் போதுமே? கம்பெனியிலேயே அதைத்தானே போட்டார்கள்.

பழம்பலகை:
புதுப் படகில் எல்லாம் ஒரே சமயத்தில் இறுகுகிறது. காய்ந்துபோன பழைய ஃபைபரின் மேல் எபாக்சியின் பிடிமானமே வேறு, மரத்தையும் நன்றாக மூடும். செலவு கூடுதல்தான். ஜெல்கோட் பூசவேண்டிய இடத்தில் பாலியஸ்டர், மற்றதற்கு எபாக்சி, என் கட்சி அது.

கார் வேலை தெரிந்தவர் என்பதால் நீர்ச்சுழிக்கு இன்னொன்று. கார் ஸ்டார்ட்டரோ ஆல்டர்னேட்டரோ பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், எஞ்சின் அறையின் அடியில் போய்த் தேங்கும். மரீன் பாகங்கள் பொறி வெளியே வராதபடி செய்தவை. ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோயரை 4 நிமிஷம் ஓட விடுங்கள். தளத்தைத் திறந்த கையோடு பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், ஈர ஃபோமில் கிடந்த அலுமினிய டேங்க் புள்ளி புள்ளியாக ஓட்டை விழுந்திருக்கும். எஞ்சினைத் தூக்க எப்படியும் டிரைவைக் கழற்றத்தான் போகிறீர்கள். படகுக்குள் தண்ணீர் வராமல் தடுக்கும் ரப்பர் உறைகளான பெல்லோஸ் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள், வாட்டர் பம்ப் இம்பெல்லரையும் சேர்த்து.