பிரசாரணப் பரிசோதனைக்கு 0.01 கிராம் தராசு இரவல் கிடைக்குமா?

வணக்கம். கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிர்ப்பௌதிகவியலை அறிமுகப்படுத்த, உருளைக்கிழங்கில் பிரசாரணம் (கல மென்சவ்வினூடாக நீர் ஐதான பக்கத்திலிருந்து செறிவான பக்கத்துக்கு நகர்வது) செய்து காட்டவிருக்கிறோம். கிழங்குக் கீலங்களை வெவ்வேறு செறிவுள்ள சீனிக் கரைசல்களில் ஊறவிட்டு, முன்னும் பின்னும் நிறுப்போம். 0.01 கிராம் வரை நிறுக்கும் தராசை ஒரு கிழமைக்குத் தர யாராவது இருக்கிறீர்களா?

கடைத் தராசு சரிவராது. 5 செ.மீ. நீளம், அரை செ.மீ. தடிப்பில் வெட்டிய கீலம் 1.3 கிராம் அளவில்தான் வரும். ஊறியபின் அதன் நிறையில் வரும் 5 சதவீத மாற்றம் 0.07 கிராம், 0.1 கிராம் தராசில் பிடிபடாது.

மற்றதெல்லாம் இங்கேயே சமாளிக்கலாம். வெள்ளைச் சீனி 34.2 கிராமைக் கரைத்து 100 மி.லீ. ஆக்கினால் 1 மோலர் (லீற்றருக்கு ஒரு மூல்) செறிவு, அதை 0.1 முதல் 0.6 வரை ஐதாக்கலாம். கிணற்றுத் தண்ணீரில் உப்பும் கல்சியமும் கிடக்கும், பற்றரித் தண்ணீர்தான் நல்லது (அசிட் போத்தலை மாறி எடுக்க வேண்டாம்). கீலத்தை ஒற்றாமல் நிறுத்தால் ஒட்டிய துளியே கணக்கைக் குழப்பும். அழுத்தித் துடைத்தால் சாறு போய்விடும்.

கீலத்தின் நிறை மாறாத கரைசலின் செறிவு 0.3 மோலர் என்றால், 30 பாகை செல்சியஸில் கிழங்கின் நீரழுத்தம் (water potential, நீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டும் அளவு) −0.76 மெகாபஸ்கால். அளவில் வளிமண்டல அமுக்கத்தின் ஏழரை மடங்கு! இதைப் பிள்ளைகள் தாங்களே கணித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

மரவள்ளிக்கிழங்கில் செய்து பார்த்தவர்கள் எத்தனை மணித்தியாலம் ஊறவிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.